பக்கத்து அறைக்கு வரப்போவது யார்?

போன வாரம் அந்த அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைசியில் ஜெயித்தது அப்பாதான். வெளிர்பச்சை. "நோயாளிக்குக் கண்ணு குளிர்ச்சியா இருக்கணும்" என்றார் அவர். "சுவத்தை ரசிக்கிற நிலைமையில இருக்கறவன் எதுக்கு டாக்டர்கிட்ட வர்றான்?" என்று அம்மா கேட்டாள். அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை, பிரஷ் மட்டும் இருந்தது. அடித்துவிட்டார்.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தத் தொடருக்குள் நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை. அம்மா பொது டாக்டர். காய்ச்சல், இருமல், முதுகுவலி, சர்க்கரை, "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்" வரைக்கும் எல்லாம் பார்ப்பாள். வீட்டின் முன்பக்கமே கிளினிக். மகள்கள் இரண்டு பேர். மூத்தவளைப் பெரியவள் என்போம், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். இளையவள் சின்னவள். இவள் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பை முடித்து, தேர்வெழுதி, சான்றிதழும் கையில் வாங்கிவிட்டாள். டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதிக்கிற, மருந்து எழுதுகிற வேலை. சுருக்கமாக பி.ஏ. "பி.ஏ.வா? எந்த மந்திரிக்கு?" என்று கேட்காத சொந்தக்காரன் பாக்கியில்லை.

வெளிர்பச்சை அறை சின்னவளுக்காகத்தான். அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறை. சின்னவள் ஒரு நாளும் "வருகிறேன்" என்று சொன்னதில்லை. யாரும் அவளைக் கேட்டதும் இல்லை. வீட்டுப் பிள்ளையிடம் போய் யாராவது கேட்பார்களா?

வேடிக்கை என்னவென்றால், பெரியவளின் பிழைப்பே கேட்பதுதான்.

அவள் இருப்பது ஒரு கருத்துக்கணிப்பு அலுவலகத்தில். புதிதாகச் சான்றிதழ் வாங்கிய பி.ஏ.க்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள், ஏன் போகிறார்கள், எதை வேண்டாம் என்கிறார்கள் என்று போன் போட்டு விசாரிப்பார்கள். பெரியவள் அதில் ஒரு படி மேலே. மற்றவர்கள் விசாரித்த போன் பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, ஒழுங்காக விசாரித்தார்களா என்று சரிபார்ப்பவள்.

அந்த அலுவலகத்துச் சட்டங்கள் இருக்கிறதே, அப்பப்பா! கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். வேலை கிடைத்தது என்றால் "ஆஹா" கூடாது. கிடைக்கவில்லை என்றால் "ஐயோ பாவம்" கூடாது. எதிராளி எதைச் சொன்னாலும் "சரிங்க, குறிச்சுக்கிட்டேன்" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஏதோ ஆசையாகச் சொன்னதற்கும் பெரியவள் இதையே சொல்லிவைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. பதிவில் தெரிந்தவர் குரல் கேட்டால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். காதில் விழுந்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும்.

அன்று காலை பெரியவள் காதில் ஹெட்போனை மாட்டும்போது பக்கத்து இருக்கையில் சந்தேகம் வந்து உட்கார்ந்தான். அவனுடைய நிஜப் பெயரை அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. 'காலை வணக்கம்' என்றாலே 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்' என்று பார்க்கிற முகம் அது.

"இந்த வருஷமும் அதே கதைதான் மேடம். எலும்பு, தோல், ஆபரேஷன் தியேட்டர். பொது கிளினிக்னா ஒருத்தரும் எட்டிப்பாக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்னு நினைக்கற?"

"எல்லாரும் சம்பளம்னு சொல்றாங்க. எனக்குச் சந்தேகம்."

பெரியவளுக்கும் அதே சந்தேகம்தான். சான்றிதழில் மை காய்வதற்குள் இந்தப் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போக ஆஸ்பத்திரிகள் வாசலில் நிற்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் ரெண்டு மூன்று அழைப்புகள். அப்படி இருந்தும் சம்பளம் குறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அங்க கத்துக்கொடுக்க ஆள் இருக்கு" என்கிறார்கள். திரும்பத் திரும்ப இந்தப் பதில் வருகிறது. புதுசாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பணத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறதோ என்று பெரியவளுக்கு ஒரு வாரமாகவே மண்டைக்குள் குடைச்சல்.

அதே குடைச்சலோடு அடுத்த பதிவைத் தட்டினாள். பெயர் கிடையாது, வெறும் எண். கேள்வி கேட்கிறது புதிதாகச் சேர்ந்த பெண்.

"வேலை எதையாவது ஏத்துக்கிட்டீங்களா?"

"ம்... இருங்க. ஏத்துக்கிட்டேன்."

பெரியவளின் கை அப்படியே நின்றது. அந்த 'ம்... இருங்க' அவளுக்குத் தொட்டில் காலத்திலிருந்து தெரியும். சோறு வேண்டுமா என்றாலும் 'ம்... இரு', குளித்தாயா என்றாலும் 'ம்... இரு'. சின்னவள்!

நிறுத்தியிருக்க வேண்டும். நியாயமாக அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. ஆனால் காது கேட்டால்தானே? வேலையை ஏற்றுக்கொண்டாளா? எந்த வேலையை? நம் வீட்டு வேலை என்றால் இவள் ஏன் 'ஏற்றுக்கொண்டேன்' என்று இவ்வளவு மெதுவாகச் சொல்கிறாள்?

"எந்தத் துறைங்க?"

"அவசர சிகிச்சை. பெரிய ஆஸ்பத்திரி. வேற ஊர். அடுத்த திங்கட்கிழமை சேரணும்."

பெரியவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வந்த வாய்ப்புகள்ல வேண்டாம்னு விட்டது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஒரு பொது கிளினிக். இன்னும் அவங்ககிட்ட சொல்லல."

"விட்டதுக்கு முக்கியமான காரணம் எது? சம்பளம், வேலை நேரம், இடம், மேற்பார்வை டாக்டர், மற்றவை."

பின்னணியில் எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. வீட்டுக் கொல்லைப்புறத்துக் குழாயேதான். அங்கே நின்றுகொண்டு பேசியிருக்கிறாள், கழுதை.

"மேற்பார்வை டாக்டர்."

"கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?"

"அவங்க ரொம்ப நல்ல டாக்டர். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா என் தப்பை என்கிட்ட சொல்ல மாட்டாங்க. படிக்கும்போது பயிற்சிக்கு அங்கதான் இருந்தேன். ஒரு தப்புப் பண்ணேன். எனக்குத் தெரியாமயே அவங்க போய்ச் சரிபண்ணிட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு அந்த பேஷன்ட் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமில்லங்க. இப்படி இன்னும் எத்தனை இருக்கோ? அங்க வேலைக்குப் போனா, எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டே நான் கெழவியாயிடுவேன்."

"சரிங்க, குறிச்சுக்கிட்டேன்" என்றது அந்தப் புதுப்பெண்.

பதிவு முடிந்தது. பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். முதலில் வந்தது கோபம். வாய் நிறைய 'அம்மா அம்மா' என்று சுற்றிவிட்டு, யாரோ முகம் தெரியாத பெண்ணிடம் மனசைக் கொட்டியிருக்கிறாள் பார்! கோபம் போன இடத்தில் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே, பிறவிக்குணம் எங்கே போகும், கேள்வி வந்து உட்கார்ந்தது. என்ன தப்பு? யார் அந்த நோயாளி? தப்பு என்றால் தராசு மாதிரி நிற்கிற அம்மா, இதை ஏன் மூடி மறைத்தாள்?

"என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு? தெரிஞ்சவங்க குரலா?" என்றான் சந்தேகம்.

"தூசி" என்றாள் பெரியவள்.

"ஹெட்போன் காதுலதானே மேடம், கண்ணுல எப்படித் தூசி?"

இவனுக்கு யார்தான் இந்தப் பெயர் வைத்தார்களோ, தங்க வாய்.

மதியம் டீ குடிக்கப் போன இடத்தில் அம்மாவின் போன் வந்தது. குரலில் அப்படியொரு குதூகலம்.

"பெரியவளே, ஒரு அதிசயம் கேளு. ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. புது பி.ஏ.வாம். பொது கிளினிக்தான் வேணுமாம்! ஒரே பேஷன்ட்டை வருஷக்கணக்கா பாக்கணும்னு ஆசையாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு!"

பெரியவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"பேஷன்ட் இருந்தாங்க, அதனால சாயங்காலம் கூப்பிடும்மான்னேன். அந்தப் பொண்ணை வேற ஒரு இடத்துலயும் கூப்பிட்டிருக்காங்க போல, இன்னிக்கே முடிவு தெரியணுமாம். பாவமா இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணே வருது, இடமில்லம்மான்னு பக்குவமாச் சொல்லணும்."

"அவசரப்பட்டுச் சொல்லிடாத."

"ஏன்?"

பெரியவள் வாயைத் திறந்தாள். மூடினாள். சொன்னால் சட்டம், சொல்லாவிட்டால் அம்மா. அந்தப் பெண்ணை அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வெளிர்பச்சை அறைக்கு வேறு ஒரு ஆளும் கிடைக்காது. இதைப் பெரியவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது, நாள் முழுக்க அதைத்தானே காதால் கேட்கிறாள்! அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. போன மாதம் கிளினிக் கூட்டம் முடிந்து எழுந்தவள் தலைசுற்றி, நோயாளி படுக்கிற கட்டிலிலேயே படுத்துவிட்டாள். இன்னொரு வருஷம் தனியாகத் தாங்க மாட்டாள்.

"சும்மாதான் சொன்னேன். நான் சாயங்காலம் வர்றேன். அதுவரைக்கும் போனை எடுக்காத" என்றாள்.

"டாக்டர் போனை எடுக்கக்கூடாதாம். நல்லா இருக்குடி உன் நியாயம்!"

அடுத்து சின்னவளை அழைத்தாள். பதமாகப் பேசி அவள் வாயிலிருந்தே வரவழைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

"அம்மாகிட்ட நீ ஏதாவது சொல்லணுமாடி?"

"ம்... இரு. என்ன சொல்லணும்?"

"ஏதாவது. மனசுல இருக்கறது."

"வத்தல் கொழம்புல உப்பு கூடன்னு இருக்கு. அதைச் சொல்லவா?"

"வெளையாடாத. வேலை விஷயமா..."

"அக்கா," சின்னவள் குரல் இறுகியது, "நீ கேள்வி கேக்கற வேலையை ஆபீஸோட வச்சுக்கோ."

டொக். வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பெரியவள் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா ஏணி மேல் நின்று புது அறை வாசலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி நோயாளி போய்விட்டார். அம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே சாப்பாட்டு மேஜையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் சின்னவள், தலை குனிந்து, டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் அம்மாவின் போன்.

"வா வா. அந்தப் பொண்ணு இன்னும் கூப்பிடல. நானே கூப்பிட்டுச் சொல்லிடலாம்னு இருக்கேன். பாவம், நம்மளால அதுக்கு இன்னொரு வேலையும் போயிடக் கூடாது" என்று அம்மா போனை எடுத்தாள்.

சின்னவள் நிமிரவில்லை. பேசேன்டி என்று பெரியவள் மனசுக்குள் கத்தினாள். ம்ஹூம்.

"அம்மா, ஒரு நிமிஷம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கூப்பிடு."

"சர்வேயா?" அம்மா முகம் மலர்ந்தது. போனைக் கீழே வைத்துவிட்டாள். "கேளு கேளு. இத்தனை வருஷமா ஊரையெல்லாம் கேக்கற, என்னை ஒரு தடவை கேட்டியா?"

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அலுவலகக் குரல் தானாக வந்தது.

"உங்ககிட்ட வேலை பாக்கற பி.ஏ. ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க? ஒண்ணு, உடனே சொல்வேன். ரெண்டு, அப்புறமா தனியாக் கூப்பிட்டுச் சொல்வேன். மூணு, அவங்களுக்குத் தெரியாம நானே சரிபண்ணிடுவேன்."

"பி.ஏ. யாருங்கறதைப் பொறுத்து."

"அப்படி ஒரு பதில் இல்லியே" என்றார் ஏணி மேலிருந்து அப்பா.

"உங்களைக் கேக்கல. ஆணியைப் பாருங்க." அம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். "வெளியாள்னா ஒண்ணாவதுதான். கிழிகிழின்னு கிழிச்சுடுவேன். உசிர் விஷயமில்லையா? நம்ம சின்னக்குட்டின்னா..." சிரித்தாள். "மூணுன்னு போட்டுக்கோ. சின்ன மனசு, தாங்காது."

"சரிங்க, குறிச்சுக்கிட்டேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் டம்ளரை வைத்தாள். மெதுவாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"நான் போன்ல சொன்னதை நீ கேட்டிருக்க."

பெரியவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அது உன் ஆபீஸ்தானா? வேற எங்கயோன்னு நினைச்சேன். அன்னிக்குப் பேசினதை முழுசா கேட்டுட்டியா?"

"என்னால எதுவும் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது" என்றாள் பெரியவள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. "உன் குரல்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. பெரிய தப்பு. நாளைக்குக் காலையில நானே போய் மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது."

"யாராவது என்ன நடக்குதுன்னு சொல்றீங்களா?" என்றாள் அம்மா.

சின்னவள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிறவள் மாதிரி மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் இங்க வேலைக்கு வரல. வேற ஊர்ல ஒத்துக்கிட்டேன். திங்கட்கிழமை போகணும்."

அப்பா ஏணியிலிருந்து இறங்கினார். அம்மா டீயைத் தள்ளி வைத்தாள்.

"சம்பளம் ஜாஸ்தியா?"

"இல்ல. தங்கற செலவெல்லாம் போனா இங்கயே ஜாஸ்தி."

"டாக்டர் பெரிய ஆளா?"

"தெரியாது. ஆனா ரொம்பத் திட்டுவாராம். நேர்காணல்லயே சொன்னார். 'முதல் ஆறு மாசம் நீ அழுவே, பரவாயில்லையா'ன்னு கேட்டார்."

"திட்டு வாங்கறதுக்கு இவ்ளோ தூரம் போறியா? அதுக்கு நானே இருக்கேனே, உங்கப்பாவைக் கேட்டுப் பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

"தோள்வலின்னு ஒருத்தர் வந்தார் இல்ல," என்றாள் சின்னவள், "மரக்கடைக்காரர். என் பயிற்சியப்ப. நான்தான் பாத்தேன். வலிமாத்திரை எழுதினேன். அவர் ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தார். நான் கேக்கவே இல்ல. ரெண்டும் சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கும். நீ அன்னிக்கே அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை மாத்தியிருக்க. எனக்கு யார் சொன்னது தெரியுமா? அவரே. கடையில, பலகை வாங்க வந்த ஆளுங்க முன்னாடி. 'உங்கம்மா தெய்வம்மா, உனக்குத் தெரியாதா'ன்னு. எனக்குத் தெரியலம்மா. நிஜமா எனக்குத் தெரியல."

"இது எனக்கே தெரியாதே!" என்றார் அப்பா.

அம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். பெரியவள் அம்மாவை நன்றாகப் பார்த்தாள். எப்போதும் எதையாவது சொல்லத் தயாராக இருக்கிற அந்த வாய், இன்றைக்கு வார்த்தை தேடியது. அம்மாவும் பயப்படுவாள் என்பது பெரியவளுக்கு இத்தனை வயதில் புதுச் செய்தி.

"உன் மனசு தாங்காதுன்னு சொன்னேன் இல்ல, அது பொய்" என்றாள் அம்மா. "நீ எழுதின மருந்துல கையெழுத்துப் போட்டது யாரு? நான். அன்னிக்குக் கூட்டம். படிக்கவே இல்ல. என் பொண்ணு எழுதினா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன். ராத்திரி சாப்பிட உக்காந்தப்பதான் மண்டையில உறைச்சுது, அந்த மனுஷன் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவராச்சேன்னு. கையைக்கூடக் கழுவாம ஓடினேன். நல்லவேளை, முதல் மாத்திரையே இன்னும் போடல. உன்கிட்ட சொன்னா, 'நீ ஏம்மா பாக்கல'ன்னு கேப்ப. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சுடி."

இத்தனை நாளாக அம்மா தன்னைக் குழந்தை என்று நினைத்துவிட்டாள் என்றுதான் சின்னவள் குமுறிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் சொல்லாததை இப்ப சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள் அம்மா. குரலில் டாக்டர் வந்துவிட்டார். "யார் வந்தாலும், எதுக்கு வந்தாலும், பேனாவைத் தொடறதுக்கு முன்னாடி 'வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க'ன்னு கேக்கணும். நீ கேக்கல. அது தப்பு. மறந்துட்டேன்னு சொல்லாத, நீ மறக்கல. தோளைப் பாத்தே, ஆளைப் பாக்கல."

சின்னவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"என்ன அப்புறம்?"

"வேற என்னெல்லாம் தப்புப் பண்ணேன்?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காரு. நிறைய இருக்கு."

சின்னவள் உட்கார்ந்தாள். அம்மா ஆரம்பித்தாள். குழந்தைகளுக்குக் காது பார்க்கும்போது வலிக்கிற காதை முதலில் தொடாதே. வயதானவர்கள் 'ஒண்ணுமில்ல' என்றால் நம்பாதே. நோயாளி எழுந்து, கதவுப்பிடியில் கையை வைத்தபிறகுதான் வந்த காரணத்தையே சொல்வார், அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிடாதே. ஒவ்வொன்றுக்கும் சின்னவள் 'எப்ப? யார்கிட்ட?' என்று துருவினாள். ஒன்றிரண்டுக்குச் சண்டை பிடித்தாள். ஒரு இடத்தில் அம்மாவே "ஆமா, அதுல நீதான் சரி" என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்பா யாரும் கேட்காமலே எல்லாருக்கும் இன்னொரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

பெரியவள் கன்னத்தில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளைக் கேட்டாயிற்று. 'கத்துக்கொடுக்க ஆள் வேணும்' என்று அவர்கள் சொன்னது இதைத்தானா? இவள் இனிமேல் போவாளா, இருப்பாளா? கேட்டுவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்பதே தெரியாதவளுக்கு இன்னும் கேள்வி கேட்கிற ஆசை போகவில்லை பாருங்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேல் போன் அடித்தது.

நாலு பேரும் அதையே பார்த்தார்கள். அந்தப் பெண்தான்.

"எடும்மா" என்றாள் சின்னவள் மெதுவாக.

அம்மா எடுத்தாள். மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"டாக்டர், நான்தான் காலையில பேசினேன்ல. இடம் இருக்கா டாக்டர்?"

அம்மா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் இருக்கு என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்மா" என்றாள் அம்மா. "நீ தப்புப் பண்ணா நான் அப்பவே, மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். வெச்சுக்க மாட்டேன். உனக்குச் சம்மதமா?"

அந்தப் பெண்ணும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"எனக்கு மட்டுமா டாக்டர், இல்ல எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்" என்றாள் அம்மா. "வீட்டு ஆளா இருந்தாலும். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."